அம்மம்மாவின் குரல் விக்கினது

"ஏன் மோனை, என்ர குரல் நடுவில விக்கினது?"

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இப்படிக் கேட்டார். முன்வரிசையில் இருந்தவர். அவர் பாடிய தாலாட்டைப் போனில் பதிவுசெய்து, சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஏபிள்டன் லைவில் மேடையிலேயே நீட்டியும் மடித்தும் வாசித்தோம். அதாவது, வாசிக்க வெளிக்கிட்டோம். மூன்றாவது நிமிடத்தில் 'டிக் டிக்' என்று தொடங்கி, பிறகு குரல் அப்படியே கிழிந்துபோனது. சனம் அதையும் இசை என்று நினைத்துக் கைதட்டியதுதான் பெரிய வெட்கம்.

"கரண்ட் பிரச்சினை அம்மம்மா" என்று சொல்லிச் சமாளித்தோம். அது அரைப் பொய். மேடைக்குப் பின்னால் யாரோ எங்கட சார்ஜரைக் கழற்றிவிட்டு ஃபானைக் குத்தியிருந்தது உண்மை. பற்றரிக்கு மாறியதும் லப்டொப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மேசைக்கு வடிவாகப் பட்டுத்துணி விரித்து, காற்றுப் போகிற ஓட்டைகளை அடைத்தது நாங்கள்தான். ஆனால் வீட்டில் பழகும்போதே சிபியூ மீற்றர் எண்பதைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது. அதைக் கண்டும் காணாமல் விட்டோம்.

லப்டொப் சத்தத்தை ஆறு மாதிரி ஓடவிடுவதில்லை. கணக்குப் பார்த்து, வாளி வாளியாக அள்ளித் தருகிறது. அந்த வாளிதான் பஃபர். நாங்கள் 128 சாம்பிள் வைத்திருந்தோம். செக்கனுக்கு 44,100 சாம்பிள் என்றால், 128 என்பது 2.9 மில்லிசெக்கன். அதற்குள் எல்லா ட்ரக்கின் கணக்கும் முடிய வேண்டும். முடியாவிட்டால் வாளி வெறுமையாகப் போகும். 'டிக்' என்று கேட்டது அதுதான். 512 வைத்திருந்தால் 11.6 மில்லிசெக்கன் கிடைத்திருக்கும். தட்டுவதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் கொஞ்சம் பிந்தும், ட்ரம் தட்டுகிறவருக்கு எரிச்சல் வரும். ஆனால் குரலை நீட்டுகிற எங்களுக்கு அது தெரியவே தெரியாது. சும்மா ஒரு கெத்துக்கு 128.

இன்னொரு கூத்து: ஒன்பது ட்ரக், ஒன்பதிலும் தனித்தனி ரிவேர்ப். எல்லாம் ஒரே மண்டபத்தில் வாசிக்கிற மாதிரிக் கேட்கவேண்டும் என்றால் ஒரு ரிவேர்ப் போதும். அதை ரிட்டேர்ன் ட்ரக்கில் வைத்து, எல்லாவற்றையும் அங்கே அனுப்பினாற் காணும். இதை மாற்றியதும் மீற்றர் சட்டென்று இறங்கியது.

சண்டை வந்தது ஃப்ரீஸில்தான். ஒரு ட்ரக்கை ஃப்ரீஸ் பண்ணினால் லைவ் அதை ஒலிக்கோப்பாக்கி வைத்துக்கொள்ளும், பிளக்கின்களின் பாரம் போய்விடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் பிளக்கின்களில் கை வைக்க ஏலாது. "அப்ப யூஎஸ்பியில போட்டு அமத்திவிட்டாக் காணுமே, நாங்கள் எதுக்கு மேடையில?" என்றான் எங்களில் ஒருவன். அவன் கேட்டது நியாயம்தான். இரண்டு நாள் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கவில்லை.

கடைசியில் ட்ரம்மையும் பேஸையும் உறையவைத்தோம். பின்னணி அலைகளையும் அப்படியே. அம்மம்மாவின் குரலை மட்டும் விட்டுவைத்தோம். அன்றைக்கு எங்கட கை பிழைத்தால் பிழைக்கட்டும் என்று.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு பஃபர் 512. வைஃபை நிற்பாட்டியிருந்தோம், பட்டுத்துணி இல்லை. சார்ஜர் பிளக்குக்குப் பக்கத்தில் ஒருவனைக் காவலுக்கு இருத்தினோம். மீற்றர் நாற்பதைத் தாண்டவில்லை. ஓரிடத்தில் குரலைக் கூட நீட்டிவிட்டோம், ஆனால் உடையவில்லை.

அம்மம்மா வரேல்லை. முழங்கால் நோ. பதிவு போனில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கொண்டுபோய்ப் போட்டுக் காட்டவேண்டும். அந்த அரைப் பொய்யையும் அப்போது சொல்லிவிடலாம் என்றிருக்கிறோம்.