ஒரு நிறத்துக்குள் மறைந்துபோன 20 பைசா

சனிக்கிழமை என்றால் பனியன் கம்பெனிகளில் சம்பள நாள். வாரம் முழுக்கத் தைத்த பீஸ் கணக்கு, ஓவர் டைம், அட்வான்ஸ் பிடித்தம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அன்று மாலைதான் கையில் காசு வரும். முன்பு நோட்டிலும் கால்குலேட்டரிலும் போட்ட அந்தக் கணக்கை இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் போடுகிறது. அங்கே ஒரு நிறம் ஏமாற்றினால் தொழிலாளியின் சம்பளமே குறையும் என்றால் நம்ப முடிகிறதா?

திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது கொமரலிங்கம். ராஜவாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் ஊர். அங்கே வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஓர் இளம்பெண், திருப்பூரில் உள்ள சில சின்ன கம்பெனிகளின் சம்பளக் கணக்கு புரோகிராம்களைக் கவனித்துக்கொள்கிறார். அவருடைய அம்மா பத்து வருடங்களுக்கு மேல் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர். அதனால் பீஸ் ரேட் என்பது மகளுக்கு வெறும் எண் இல்லை. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய காசு அது.

ஒரு கம்பெனியில் ஒரு பீஸுக்கு 20 பைசா கூட்டித் தருவதாகப் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு சனிக்கிழமை போயும் சம்பளம் ஏறவில்லை. ஒரு நாளைக்கு 500 பீஸ் தைப்பவருக்கு 100 ரூபாய். ஆறு நாளுக்கு 600. இரண்டு வாரத்துக்கு 1,200 ரூபாய். முதலாளியோ, "ரேட்டை அன்னைக்கே மாத்தச் சொல்லிட்டோமே" என்றார். முன்பு அந்த புரோகிராமைப் பார்த்த பையனும், "மாத்திட்டேனுங்க" என்று சத்தியம் செய்தார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் காசு குறைந்தது.

"டெய்லருங்க நோட்டுல சரியா எழுதியிருக்காங்களான்னு பாத்தியா கண்ணு?" என்று கேட்டார் அம்மா.

"பாத்துட்டனுங்மா. அவங்க நோட்டு சரியாத்தான் இருக்குது. கம்ப்யூட்டருதான் பழைய ரேட்டு போடுது."

புரோகிராமைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. புதிய ரேட் அங்கே இருந்தது. ஆனால், கமென்ட்டுக்குள் இருந்தது.

கமென்ட் என்றால் என்ன? புரோகிராம் எழுதுகிறவர்கள், "இந்த வரி எதற்கு" என்று அடுத்து வருகிறவருக்கு எழுதி வைக்கும் குறிப்பு. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். வேண்டாத பழைய வரிகளை அழிக்க மனமில்லாமல் கமென்ட்டுக்குள் அடைத்து வைப்பதும் உண்டு. இங்கேயும் பழைய சம்பளக் கணக்கை முழுசாக அப்படி அடைத்து வைத்திருந்தார்கள். கமென்ட் ஆரம்பிக்கும் அடையாளம் எங்கேயோ மேலே. கீழே உருட்டி வந்தால் அந்த அடையாளம் திரையில் தெரியாது.

சாதாரணமாக இதில் ஆபத்து இல்லை. புரோகிராம் எழுதும் எடிட்டர்கள் எண்ணுக்கு ஒரு நிறம், கட்டளைக்கு ஒரு நிறம் என்று காட்டும். கமென்ட் மொத்தத்தையும் சாம்பல் அல்லது பச்சை என ஒரே நிறத்தில் காட்டிவிடும். பார்த்ததுமே 'இது ஓடாத வரி' என்று தெரியும். ஆனால், அந்தப் பையன் வைத்திருந்த நிற அமைப்பு, கமென்ட்டுக்குள் இருக்கும் புரோகிராம் வரிகளுக்கும் முழு நிறம் பூசியது. ஓடும் வரியும் ஓடாத வரியும் ஒரே மாதிரி பளபளத்தன. அவர் ஓடாத வரியில் ரேட்டை மாற்றிவிட்டு, நிம்மதியாக மூடி வைத்துவிட்டார்.

எழுதும்போதே வார்த்தைகளுக்கு நிறம் கொடுக்கும் இந்த யோசனை பழசு. ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக் கௌலிஷா 1980களில் உருவாக்கிய லெக்ஸ் என்ற எடிட்டர் இதில் முன்னோடிகளில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் வேலையில் அது பயன்பட்டது. ஓர் அகராதிப் பக்கத்தில் சொல் எது, பொருள் எது, மேற்கோள் எது என்று கண்ணுக்குப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை அப்போதே இருந்தது.

நம் ஊருக்கும் இது புதுசில்லை. மூலமும் உரையும் தமிழில் பழைய ஜோடி. அச்சுப் புத்தகத்தில் செய்யுள் பெரிய எழுத்தில், உரை சின்ன எழுத்தில் இருக்கும். ஓலைச்சுவடியில் அந்த வசதி கிடையாது. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது, உரைக்குள்ளேயே வேறு நூல்களின் செய்யுள் அடிகள் மேற்கோளாக வந்தன. பல இடங்களில் எந்த நூல் என்ற பெயர்கூட இல்லை. அவற்றைத் தேடிப் போனவருக்குப் பழைய சங்க நூல்களின் வழி திறந்தது. பத்துப்பாட்டு 1889-லும் புறநானூறு 1894-லும் அவர் கையால் அச்சேறின. உரைக்குள் கிடந்த அடிகளை யாராவது வேண்டாம் என்று அழித்திருந்தால், அந்தத் தேடலுக்கு நூல் முனையே கிடைத்திருக்காது.

அதனால், கமென்ட்டுக்குள் இருக்கும் வரிகளை மறைத்துவிடுவது தீர்வில்லை. 'இந்தக் கட்டளையை இப்படி எழுத வேண்டும்' என்ற உதாரணங்களும் அங்கேதான் இருக்கும். ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் அவற்றைப் படிப்பது சிரமம். முழு நிறத்தில் இருந்தால் ஏமாந்துபோவோம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதே நிறங்கள், ஆனால் மங்கலாக. நீலம் நீலமாகவே இருக்கும், கொஞ்சம் வெளுத்திருக்கும்.

இதே யோசனை ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. விஎஸ் கோட் எடிட்டரில் சி மொழிக்கான இணைப்பைப் போட்டால், இயங்காத பகுதிகளை அது நிறத்தோடு மங்கலாக்கிக் காட்டும். அதன் இயல்பான அளவு 0.55. அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். அதற்காக ரொம்பவும் மங்கலாக்கக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கின்றன இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள். கமென்ட்டைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். புள்ளி கண்ணுக்குத் தப்பினால் 'பல்' 'பல' ஆகிவிடும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா தன் பழைய நோட்டைப் பற்றிச் சொன்னார். "நாங்க கணக்கு தீந்துதுன்னா ஒரே ஒரு கோடுதான் சாமி போடுவோம். கிறுக்கி அழிக்க மாட்டோம். நாளைக்கு யாராச்சும் கேட்டா படிச்சுக் காட்டோணுமில்ல?"

மகள் அன்று இரவே வேலையை முடித்தார். ஓடும் வரியில் புதிய ரேட்டைப் போட்டார். பழைய கணக்கின் நகலைத் தேதியோடு தனியாகச் சேமித்துவிட்டு, கமென்ட்டில் இருந்ததை நீக்கினார். உதாரண வரிகளை மட்டும் விட்டு வைத்து, அவை மங்கலாகத் தெரியும்படி நிற அமைப்பை மாற்றி, அதையே அந்தப் பையனுக்கும் அனுப்பி வைத்தார். யார் மேலும் புகார் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை டெய்லர்களுக்கு அந்த வாரச் சம்பளத்தோடு, விட்டுப்போன இரண்டு வாரக் காசும் சேர்ந்து வந்தது. அவர்களில் யாருக்கும் எடிட்டர் தெரியாது, கமென்ட் தெரியாது. தங்கள் நோட்டில் எழுதியிருந்த கணக்கும் கவரில் இருந்த தொகையும் ஒன்றாக இருந்தது. அவர்களுக்கு அது போதும்.