சாமி பெட்டி வாளும் உப்புத்தாளும்



பி.காம் படிக்கிறவன் பேலன்ஸ் ஷீட்டை விட்டுவிட்டு வாளைப் பற்றி எழுதினால் வகுப்பில் ஓட்டுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. படித்து முடித்தால் இதுவும் கணக்கு விஷயம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள் :-)

ஜப்பானில் பழைய வாள் சேகரிப்பது பெரிய கலை. 1876-ல் பொது இடங்களில் வாள் ஏந்தக் கூடாது என்று அந்த நாட்டு அரசு ஆணை போட்டது. இடுப்பிலிருந்து இறங்கிய வாள்கள் ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டன. அலகு, கைக்காப்புத் தட்டு, பிடி, உறை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, எந்தக் காலம், எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுகிறார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அலகின் அடிப்பகுதி ஒன்று பிடிக்குள் மறைந்திருக்கும். மூங்கில் ஆணி ஒன்றைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வந்துவிடும். செய்த கொல்லரின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் வெட்டப்பட்டிருக்கும் (பெயரே வெட்டாத வாள்களும் உண்டு). அந்தப் பகுதியில் படிந்த துருவை யாரும் தொடவே மாட்டார்கள். அலகைப் பளபளவென்று தீட்டுவார்கள், ஆனால் அடிப்பகுதித் துருவைச் சுரண்டினால் வாளின் மதிப்பே போய்விடும். ஏனென்றால் வாளின் வயசைச் சொல்வது அந்தத் துருவின் நிறம்தான்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நம்ம ஊரில் நாம் செய்வது அப்படியே தலைகீழ்!

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பல வீடுகளில் சாமி பெட்டிக்குள் பழைய வாள், ஈட்டி முனை, வளரி என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து, செங்கல் பொடி போட்டோ உப்புத்தாள் வைத்தோ வெள்ளையாகும் வரை தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு உள்ளே வைத்துவிடுவோம். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், வளரி குறித்துப் புதுக்கோட்டை சமஸ்தான திவான் எழுதிக் கொடுத்த குறிப்பு இருக்கிறது. பூஜை அறையில் குடும்ப ஆயுதங்களோடு வளரியையும் வைத்திருக்கிறார்கள், ஆயுத பூஜையன்று எடுத்துச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுகிறார்கள் என்கிறார் திவான். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சுரண்டிக்கொண்டே இருக்கிறோம்!

வளரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறை வடிவில் வளைந்த எறி ஆயுதம். வைரம் பாய்ந்த மரத்திலோ இரும்பிலோ செய்வார்கள். ஒரு முனை கனமாக இருக்கும். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சுழற்றி வீச வேண்டும். சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801-ல் மருது சகோதரர்களுக்கு எதிரான படையில் இருந்தார். அந்த வருஷம் அக்டோபர் 24-ல் மருதுவைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்து, பாளையக்காரர் சீமைகளில் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. இன்று பெட்டியில் மிஞ்சிக் கிடப்பது அதையெல்லாம் தாண்டி வந்த மிச்சம்.

இன்னொரு பக்கம் தஞ்சாவூர். எங்க ஆவுடையார்கோவில், அறந்தாங்கிப் பகுதி 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும் வரை தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆயுதசாலை அந்தக் காலத்தில் பெரிய பேர் பெற்றது. 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் அரசர் சிவாஜி இறந்ததும் கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 1860களில் ஆயுதங்களில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது, மீதியில் நிறைய பழைய இரும்பாக உடைந்து போனது. தப்பியவற்றைப் பார்த்துத்தான் இன்று உலகம் முழுக்கத் தஞ்சாவூர்ப் பாணி என்று அடையாளம் சொல்கிறார்கள்.

சரி, அடையாளம் எப்படிக் காண்பது? நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அலகு வேறு, பிடி வேறு. இரண்டும் ஒரே வயசு என்று நினைக்கவே கூடாது. தென்னாட்டு வாள்களிலும் கட்டாரிகளிலும் நிறைய அலகுகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. நம்ம கொல்லர்கள் அதற்கு நம்ம ஊர்ப் பிடியை ஆணி அடித்துப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட வாளுக்குப் பெயரே 'ஃபிரங்கி', அதாவது பறங்கி வாள்! ஜப்பானிலும் இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் சரணடைந்த அதிகாரிகளின் வாள்களில் பெரும்பாலானவை பட்டறையில் மொத்தமாகச் செய்தவை. ஆனால் சிலவற்றில் ராணுவப் பிடிக்குள் பாட்டன் காலத்து அலகு ஒளிந்திருந்தது.

இரண்டாவது, முத்திரை. ஜெர்மனியின் சோலிங்கன் நகர அலகுகளில் ஓடும் ஓநாய் உருவம் இருக்கும். ஆனால் பேர்பெற்ற முத்திரைகளை மற்ற ஊர்க்காரர்களும் காப்பி அடித்திருக்கிறார்கள். அதனால் முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது, எஃகு. மூசையில் உருக்கிய நம்ம ஊர் எஃகைத்தான் 'ஊட்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடினார்கள். அதில் செய்த நல்ல அலகில் தண்ணீர் அலை போல ஒரு கோலம் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதலில் மறைவது அந்தக் கோலம்தான்.

நான்காவது, சிற்பம். ராபர்ட் எல்குட் என்ற ஆய்வாளர் 2004-ல் வெளியிட்ட இந்து ஆயுதங்கள் பற்றிய புத்தகத்தில் கோவில் சிற்பங்களை வைத்தே ஆயுதங்களுக்குக் காலம் சொல்கிறார். எங்க ஊர் ஆத்மநாதர் கோவில் முன் மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வீரபத்திரர்களைக் குதிரைகளுக்கும் கொடுங்கைக்கும் நடுவில் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை கையில் இருக்கும் ஆயுதத்தின் பிடியை நின்று பாருங்கள். கல்லில் செதுக்கியதை யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 2023 மே மாதம் லண்டனில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. அவ்வளவு விலை வெறும் எஃகுக்கா? 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அது யார் கைக்குப் போனது என்பதற்குச் சான்று இருந்தது. வவுச்சர் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம வீட்டு வாளுக்கு வவுச்சர் கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே சான்று அதன் உடம்புதான். அதைத்தான் வருஷா வருஷம் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்க வீட்டிலும் ஒரு வாளும் ஒரு மர வளரியும் இருக்கின்றன. பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். சித்தப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம், தங்கச்சி படிப்புச் செலவு இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை. அப்பத்தா மட்டும், "சாமியை எந்த ஊர்லடா விப்பாக?" என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிட்டது.

நான் சொன்னது ஒன்றுதான். விற்பதோ வைப்பதோ அப்புறம், முதலில் உப்புத்தாளை நிறுத்துவோம். பொடிப் பொடியாக உதிரும் செந்துருதான் இரும்பைத் தின்னும். கெட்டியாகப் படிந்த கருந்துரு ஒன்றும் செய்யாது. காய்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவினால் போதும். "மிஷின் எண்ணெயையா சாமிக்குப் போடச் சொல்ற?" என்று அப்பத்தா முறைத்தது. ஜப்பானில் கிராம்பு வாசனை எண்ணெய்தான் தடவுவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எண்ணெய்க் காப்புன்னு சொல்லு" என்றது. எண்ணெய்க் காப்பு! நான் இத்தனை பக்கம் படித்து வந்து சேர்ந்த இடத்துக்கு அது ஒரே சொல்லில் வந்துவிட்டது.

அதனால் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் ஏதாவது இருந்தால் இந்த வருஷம் தேய்க்காதீர்கள். அலகு, பிடி, முத்திரை என்று தனித்தனியாகப் போட்டோ எடுங்கள். நீளம், எடை குறியுங்கள். யார் காலத்திலிருந்து இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். திருக்கோகர்ணத்தில் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, போய் அங்கே உள்ள ஆயுதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ம் வருஷச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வாங்க வருகிறவரிடம் இதையும் சொல்லுங்கள்.

எங்க வீட்டில் விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ஒரு நோட்டில் முதல் பக்கம் எழுதியாகிவிட்டது. சித்தப்பா நாளைக்கு விற்றாலும் அந்த நோட்டு வாளோடு போகும். விற்கவில்லை என்றால் பெட்டியிலேயே இருக்கும்.