நகல் ரம்பமும் அசல் ரம்பமும்

சங்கிலி ரம்பத்தைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால், வாங்குகிறவன் எந்த மரத்தை, எந்த மண்ணில் நின்றுகொண்டு, எவ்வளவு காலத்துக்கொரு முறை அறுக்கப்போகிறான் என்று விசாரித்துக்கொள்ளாத வரையில் விலைப் பேச்சு முழுவதும் வியர்த்தம் என்பதே, மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங்கில் பட்டறை வைத்து, இந்த யந்திரங்களைப் பிரித்தும் பூட்டியும் ஜீவனம் செய்துவரும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

எங்கள் ஊர் பெர்ணம் ஆற்றின் வடகரையில், கடலுக்கு அணித்தான களிமண் பூமி. தென்னையும் செம்பனையும் இங்கே பிரதான மரங்கள். வீட்டுக் கொல்லைகளில் டுரியானும் ரம்புத்தானும் பலாவும் நிற்கும். சற்று உள்ளே போனால் பழைய ரப்பர்த் தோட்டத் துண்டுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. ஒவ்வொரு மரமும் ரம்பத்தை ஒவ்வொரு விதமாகச் சோதிக்கிறது. முதிர்ந்த தென்னையின் அடிமரத்தில் வெளிச்சுற்று பல்லை மழுக்கும் அளவுக்கு வைரம் பாய்ந்திருக்கும். அதைத் தாண்டிவிட்டால் உட்சோறு மெத்தென்று கிடைக்க, அழுத்திப் பிடித்திருந்த கை சடாரென்று முன்னே சரியும். செம்பனைத் தண்டில் நீரும் நாரும் போக, மணலின் சத்தாகிய சிலிகாவும் கலந்திருப்பதால், காலையில் தீட்டிய சங்கிலி நண்பகலுக்குள் மொட்டையாகிவிடும். ரப்பர் மரமோ வெட்டுவாயில் பாலைச் சுரந்து, தூளைப் பிசினாக்கி, சங்கிலிப் பல்சக்கரத்தின் மூடிக்குள் அப்பி வைக்கும். பெரிய தோட்டங்களில் செம்பனை மறுநடவுக்கு இப்போது எக்ஸ்கவேட்டரே மரத்தைச் சாய்த்துத் துண்டுபோட்டு விடுவதால், சங்கிலி ரம்பம் என் பட்டறைக்கு வருவது சிறு நிலக்காரர்களிடமிருந்தும், நாட்கூலிக்கும் குத்தகைக்கும் மரம் வெட்டுகிறவர்களிடமிருந்துமே.

ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டென்மார்க் நாட்டவர் 1906-இல் ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியைத் தொடங்கி, நம்மவர்கள் கூட்டங்கூட்டமாய் இவ்வட்டாரத் தோட்டங்களுக்கு வந்து குடியேறிய காலத்தில், காடு அழிந்தது கோடரியாலும் பாராங் கத்தியாலும் தீயாலுமே. பால் வற்றிய பழைய ரப்பர் மரங்களைச் சோடியம் ஆர்சினைட் என்னும் கொடிய விஷத்தைத் தடவி நின்றபடியே சாகடித்த வழக்கமும் மலாயாவில் இருந்தது. அந்த விஷத்தைக் கையாண்டவர்களை நினைக்கும்போது என் மனம் இன்றும் பதறுகிறது. மனிதனின் தோள் வலியை யந்திரம் வாங்கிக்கொண்டது பிற்பாடுதான். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் செய்த மின்சார ரம்பம் 48 கிலோ எடையுள்ளது, இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டியது. அவருடைய பெட்ரோலில் ஓடும் ரம்பம் 1929-இல் வந்தது. ஒருவரே தூக்கி அறுக்கும் ரம்பம் பரவ 1950 ஆயிற்று. சங்கிலியின் பல்லோ அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடைந்து தின்னும் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகத் தாடையை ஓட்டுவதைக் கூர்ந்து கவனித்து 1940களின் பிற்பகுதியில் அமைத்த வடிவம். இன்று அசலிலும் நகலிலும் சுழல்வது அதன் சந்ததியே.

மலேசியக் காடுகளில் பேர் பெற்ற ரம்பம் ஸ்டில் 070. சிலிண்டர் கொள்ளளவு 106 சிசி, பளு மிகுந்தது, சங்கிலியை நிறுத்தும் பிரேக் இல்லாதது. ஆயினும் அதன் எளிமையையும் நீடித்த உழைப்பையும் பார்த்துப் பழகிய மூத்த மரவெட்டிகள் வேறொன்றைக் கையால் தொட மனம் ஒப்ப மாட்டார்கள். அந்த 070-ம், அதற்குப் பின் வந்து உலகெங்கும் புகழ் பெற்ற 92 சிசி 066-ம், ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 372-ம் இன்று சீனத் தொழிற்சாலைகளில் நகலாக வார்க்கப்படுகின்றன. முழு யந்திரமாகவும் வாங்கலாம். ஓர் அட்டைப்பெட்டி நிறைய உதிரிகளாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். இவற்றைத் தவிர, ஜப்பானிய வடிவங்களைப் பின்பற்றி 5200, 5800 என்ற எண்களோடு நூறு பெயர்களில் வரும் சிறு ரம்பங்கள் இரும்புக்கடைகளில் சில நூறு வெள்ளிக்கே கிடைக்கின்றன. அசல் பெரிய ரம்பமோ சில ஆயிரம் வெள்ளி. கொல்லையில் சாய்ந்த ஒரு தென்னைக்காக அவ்வளவு பணத்தை முடக்க எந்தக் குடும்பஸ்தனுக்குத்தான் மனம் வரும்?

“அண்ணே, எல்லாம் அதே அளவு, அதே வடிவம், அசல் பிஸ்டன்கூட இதில் நுழையுது. அப்புறம் எதுக்கு நாலு மடங்கு காசு?” என்று தம்பிமார்கள் கேட்பது நியாயமான கேள்விதான். சீனத்தில் செய்ததால் மட்டம் என்று சொல்லித் தட்டிக் கழிப்பது சத்தியமாகாது. ஸ்டில் நிறுவனமே சிங்டாவ் நகரத்தில் தொழிற்சாலை நடத்துகிறது, அதற்குச் சொந்தமான ஸாமா கார்புரேட்டர்களும் சீனத்தில் உற்பத்தியாகி வந்திருக்கின்றன. கைகள் அதே நாட்டுக் கைகளாக இருக்க, யந்திரம் மட்டும் வேறாகிப் போவதன் காரணம் சோதனை. வார்ப்பில் நுண்துளை விழுந்த கிராங்க் பெட்டியை ஒதுக்குவதும், பேரிங் உட்காரும் குழியை அளந்து பார்ப்பதும், பிரேக் பட்டையை இழுத்துப் பரீட்சிப்பதும், ஒவ்வொரு ரம்பத்தையும் ஓட்டிப் பார்த்து அனுப்புவதும் காசு பிடிக்கும் காரியங்கள். அசலின் விலையில் அந்தக் கூலி அடங்கியிருக்கிறது. நகலின் விலையில் அது விடுபட்டிருக்கிறது. விடுபட்ட அந்த வேலையைப் பூட்டுகிறவன் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டால் நகலும் உழைக்கும். அவனும் கைவிட்டால் அந்தச் சோதனை மரத்தடியில், வெட்டுகிறவன் உடம்பின்மேல் நடக்கும்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விவரிக்க வேண்டும். 066 நகலின் பெட்டி வந்ததும் நான் முதலில் எடுப்பது சிலிண்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் உட்சுவரில் நிக்கலும் சிலிகான் கார்பைடும் கலந்த கடினப் பூச்சு உண்டு. மாலே என்ற ஜெர்மானிய நிறுவனம் 1960களில் கண்டு, நிக்கசில் என்று பெயரிட்ட முறையின் வழிவந்தது அது. நகலில் இந்தப் பூச்சு, வாயு புகுந்து வெளிவரும் வாசல்களின் விளிம்பில் கத்திபோல் துருத்தி நிற்பது சகஜம். அப்படியே பூட்டினால் பிஸ்டன் வளையம் அதில் மாட்டி முறியும், அல்லது விளிம்பு செதிலாகப் பெயர்ந்து சுவரைக் கீறும். ஆகையால் மெல்லிய வைர அரத்தால் விளிம்புகளை உட்புறம் சாய்வாக, விரல் நுனியை ஓட்டினால் எங்கும் இடறாத வரைக்கும், பொறுமையோடு தேய்த்து, சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்துகிறேன். பிஸ்டன் முள்ளை இருபுறமும் பிடித்து நிற்கும் கம்பிக் கிளிப்புகள் கட்டைவிரல் நகமளவுகூட இல்லாத சாமான். ஆனால் பெட்டியில் வரும் கிளிப்பை நான் ஒருபோதும் பூட்டுவதில்லை. நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றில் அது நழுவினால் பிஸ்டனும் சிலிண்டரும் அந்தக் கணமே நாசம். வளையத்துக்கு இத்தாலியக் கேபர், கிளிப்புக்கு அசல் உதிரி என்பது என் பட்டறையின் நியதி.

கிராங்க் பெட்டி மக்னீசியக் கலவை. பேரிங்கைச் சுத்தியால் அடித்து இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது பாவம். பேரிங்கை உறைபெட்டியில் குளிரவிட்டு, பெட்டியின் பாதியை அடுப்புத் தட்டில் சூடேற்றினால், தானாகவே ‘டக்’கென்று போய் உட்காரும். அந்தச் சத்தம் கேட்காமல் இழுத்துக்கொண்டு இறங்கினால் குழியின் அளவு சரியில்லை என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் தளர்வாக விழுந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். திருகாணிகளையும் மக்னீசியத்தில் அவசரமாக ஏற்றக் கூடாது. ஆணியைத் துளையில் வைத்து முதலில் எதிர்ப்புறமாக மெல்லத் திருப்பினால், புரி பழைய தடத்தில் விழும்போது ஒரு சிறு துள்ளல் கைக்குத் தெரியும். அதற்குப் பிறகே வலப்புறம் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுத்தடம் வெட்டி, மூன்றாம் முறை புரியே கழன்று கையோடு வரும். தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவர் எனக்குக் கற்பித்த பாடம் இது. எந்த ஏட்டிலும் நான் இதைப் படித்ததில்லை.

எல்லாம் பூட்டியான பின், புகைப்போக்கி வாசலையும் கார்புரேட்டர் வாசலையும் ரப்பர் துண்டால் அடைத்து, உள்ளே அரை வளிமண்டல அளவுக்குக் காற்றை ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பேன். முள் இறங்கினால், ஆயில் சீல்களின்மேல் சோப்பு நீரைத் தடவ, கசிவிடம் குமிழாகத் தெரிந்துவிடும். இதை அனாவசியச் சடங்கு என்று நினைக்கிறவர்கள் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்தின் தர்மத்தை அறியாதவர்கள். இதில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. எங்கேனும் ஒரு மயிரிழைப் பிளவின் வழியே வெளிக்காற்று புகுந்தால் கலவை வறண்டு, உயவு குறைந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். நகல் ரம்பம் ஒரே வாரத்தில் செத்துப்போயிற்று என்று தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை இப்படி மூச்சுவழியே செத்தவை.

பிறகு காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைப்பது, கார்புரேட்டரைக் காதால் கேட்டுத் திருத்துவது ஆகியவை பாக்கி. சும்மா முழு வேகத்தில் விட்டால் ஒலி சற்றே கரகரத்து உடைய வேண்டும். மரத்தில் இறக்கியதும் அதே ஒலி தெளிந்து ஒரே நாதமாக வேண்டும். காற்றில் விடும்போதே கணீரென்று இனிமையாகப் பாடும் ரம்பம் வறண்டு ஓடுகிறது. அது நெடுநாள் பாடாது. பெட்ரோலுக்கு எண்ணெய் கலப்பதிலும் நிதானம் வேண்டும்: ஸ்டில்லின் எண்ணெய்க்கு ஐம்பதுக்கு ஒன்று, மற்ற இரண்டு-ஸ்ட்ரோக் எண்ணெய்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று என்று அந்நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. சங்கிலிக்கு வண்டியிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயை ஊற்றும் வழக்கம் நம் பக்கத்தில் அதிகம். அதில் மிதக்கும் உலோகப்பொடி எண்ணெய்ப் பம்பைத் தின்பதோடு, வெட்டுகிறவன் கையிலும் மூச்சிலும் அழுக்கை ஏற்றுகிறது. அதை அறவே விட்டுவிட வேண்டும்.

இத்தனையும் செய்த நகலை நான் யாருக்குக் கொடுப்பேன், யாருக்குக் கொடுக்க மாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண்டுக்குச் சில முறை சாய்ந்த மரத்தைத் துண்டுபோடும் சிறு நிலக்காரருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அவருக்கு அது பல ஆண்டு பிரயோஜனப்படும். மாத்தாங் சதுப்புக் காட்டில் முப்பதாண்டுச் சுழற்சியில் முதிரும் பாக்காவ் மரத்தைக் கரிச் சூளைக்காக நாள்தோறும் அறுக்கிறவனுக்கும், தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ வரைக்கும் குத்தகைக்கு மரம் இறக்குகிறவனுக்கும், கயிற்றில் தொங்கிக்கொண்டு டுரியான் கிளையைக் கழிக்கிறவனுக்கும் அசலே ஏற்றது. வேலை நடுவே யந்திரம் நின்றால் அவனுக்கு அன்றைய கூலி போகிறது. உதிரி வேண்டுமென்றால் எண்ணைச் சொன்னவுடன் எடுத்துக் கொடுக்கும் கடை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக்கின்மேல் சந்தேகமில்லாத நம்பிக்கை வேண்டும்.

ரம்பத்தட்டின் மூக்குநுனி மேல்விளிம்பு எதிலாவது பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டுகிறவன் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது முன்கைத் தடுப்பு சரிந்து, எஃகுப் பட்டை கிளட்ச் உருளையை இறுக்கிப் பிடித்துச் சங்கிலியை நிறுத்துவதே பிரேக்கின் காரியம். பட்டறைக்கு வந்த சில மலிவு ரம்பங்களில் தடுப்பு அழகாகச் சரிந்தும், பட்டை உருளையைத் தொடக்கூடச் செய்யாமல் நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மரம் வெட்டியிருந்தார். ஆகவே நகலைப் பூட்டும்போதும் பிரேக் பட்டை, கிளட்ச் சுருள்கள், ஆயில் சீல், தட்டு, சங்கிலி ஆகியவற்றை அசலாகவோ பெயர் பெற்ற உற்பத்தியாளருடையதாகவோ மட்டுமே வாங்குகிறேன். அவற்றுக்கான செலவைச் சேர்த்துப் பார்த்தால் நகல் அசலின் பாதி விலைக்கு அருகே வந்துவிடுகிறது; அந்தப் பாதியும் மிச்சம்தான் என்றாலும், விளம்பரத்தில் சொன்ன மிச்சம் அல்ல.

மற்றொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 066 முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வடிவம். காப்புரிமை இருபது ஆண்டோடு தீர்வது. ஆகையால் அதைப் பின்பற்றி வார்ப்பதை நான் குற்றமென்று கருதவில்லை. வணிகச் சின்னமோ புதுப்பித்துக்கொண்டே போனால் என்றும் தீராதது. நகலின்மேல் அசலின் பெயர்ப்பட்டையை ஒட்டி விற்பது 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம்; அதைவிட, வாங்குகிறவன் இல்லாத பிரேக்கை இருப்பதாக நம்பிக் கையை நீட்டுவதற்குக் காரணமான துரோகம். பெயர்ப்பட்டை மட்டும் ஒட்டித்தரச் சொல்லி வருகிறவர்களுக்கு என் பட்டறையில் இடமில்லை.

அன்பர்களே, அசலோ நகலோ, நீங்கள் எதை வாங்கப் போனாலும் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரை ரம்பத்தை ஓட்டச் சொல்லுங்கள். சங்கிலி முழு வேகத்தில் சுழலும்போது முன்தடுப்பைத் தள்ளச் சொல்லுங்கள். சங்கிலி அந்தக் கணமே நிற்கவில்லையானால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ரம்பத்தை வாங்காதீர்கள்.