படத்தில் இல்லாத நாற்காலி

செய்தித்தாளில் பொய்யை எழுதச் செய்துதான் தலைவர்கள் தம் புகழை வளர்த்துக்கொள்வர் என நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையை எழுதாமல் விடச் செய்வது அதனினும் வலிய கலை. 1933 முதல் 1945 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூசுவெல்ட் அக்கலையில் கைதேர்ந்தவர்.

1921ஆம் ஆண்டு, தம் 39ஆம் அகவையில், நோயுற்றுக் கால்களின் வலுவை இழந்தார். இளம்பிள்ளைவாதம் என்றனர் மருத்துவர். நோயை அவர் ஒளிக்கவில்லை, நாடே அறியும். தாமாக நடக்க இயலாமையைத்தான் மறைத்தார். எஃகுப் பட்டைகளைக் காலில் பூட்டி, மகனின் கையைப் பற்றியவாறு மேடையேறுவார். சக்கர நாற்காலியில் இருக்கையில் படமெடுத்தலாகாது என்பது வெள்ளை மாளிகையின் விருப்பம். புகைப்படக்காரர் பெரும்பாலும் இணங்கினர். மீறத் துணிந்தோரைக் காவலர் தடுத்தனர். அவருடைய படங்கள் பல்லாயிரம் உள்ளன. நாற்காலி தெரியும் படங்களோ மிகச் சில.

இவ்விணக்கம் அச்சத்தால் மட்டும் விளைந்ததன்று. அவருக்கு முன்னிருந்த தலைவர்கள் நிருபர்களின் வினாக்களை எழுத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கினர். ரூசுவெல்ட் அவ்வழக்கத்தை நீக்கினார். பெரும்பாலும் வாரம் இருமுறை அவர்களைத் தம் மேசையைச் சுற்றி நிறுத்தி, நகைச்சுவை ததும்பப் பேசினார். (அவர் அமர்ந்திருக்கப் பிறர் நின்றதும் வசதியாகவே அமைந்தது!) ஏறத்தாழ ஆயிரம் சந்திப்புகள். எதை அச்சேற்றலாம், எதைச் செவியோடு நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் அவரே வகுத்தார். பத்திரிகை முதலாளிகள் பலர் தலையங்கத்தில் அவரைச் சாடினர். நிருபர்களோ அவர்பால் அன்பு பூண்டிருந்தனர்.

ஒருவரின் உடற்குறையை அச்சிடாதது பண்பாடுதானே என மாணவர் கேட்பர். நியாயமான கேள்வி. பொருளாதாரச் சரிவிலும் போரிலும் மக்களுக்கு ஊக்கம் வேண்டியிருந்தது என்பதையும் மறுக்கமாட்டேன். ஆயினும், எங்கள் பள்ளிக்கு ஊன்றுகோலின் துணையோடு வரும் மாணவி ஒருத்தி உண்டு. அவளைப் போன்ற பிள்ளைகள் அந்நாளில் அங்கே எத்தனை பேரோ! தம்மைப் போல் நடக்க இயலாதவரே நாட்டை ஆள்கிறார் என்னும் காட்சி அவர்கள் கண்ணில் படவேயில்லை.

1997இல் வாசிங்டனில் அவருக்கு நினைவகம் திறந்தபோதும், சிலையின் நாற்காலி மேலங்கிக்குள் பெரிதும் மறைந்தே இருந்தது. ஊனமுற்றோர் அமைப்புகள் போராடி நிதி திரட்டிய பின்னர், 2001இல்தான் சக்கர நாற்காலியில் அமர்ந்த சிலை நுழைவாயிலருகே நிறுவப்பட்டது. அச்சிலையின் படத்தை ஆறாம் ஆண்டு வகுப்பறையில் ஒட்டியிருக்கிறேன்.