டயரும் குடும்பச் செலவுதான்!

அரிசி வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் முறத்தில் போடுவதில்லை. வீட்டு மனிதர்கள் உயிரை நம்பி ஏறி உட்காரும் வண்டியின் டயரை மட்டும், "அது ஆம்பளைங்க சமாசாரம்" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

எங்கள் வீட்டில் இருப்பது கிளாசிக் 350. ஊர்ப் பேச்சில் 'புல்லட்'. ஏறக்குறைய 190 கிலோ கனம். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், சிநேகிதர்களோடு கொல்லிமலைக்குப் போக அதைக் கேட்டான். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போகிற வழியிலேயே தொப்பூர் கணவாய் வேறு. அந்த இறக்கத்தைப் பற்றித் தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வண்டியைத் துடைக்கும்போது பின் டயரைத் தடவிப் பார்த்தேன். நடுவிலே பட்டன் தேய்ந்து, சப்பாத்திப் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது.

"என்னங்க, டயர் மொழுமொழுன்னு இருக்கே?"

"இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும். நீ ஏன் பயப்படறே?" என்றார் இவர்.

தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டயரின் பக்கவாட்டில் 'டி.டபிள்யூ.ஐ.' என்று எழுத்து இருக்கும். அதற்கு நேராகக் காடிக்குள் சின்ன மேடு இருக்கும். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தமாம். எங்கள் டயர் அதைத் தொட்டுவிட்டிருந்தது.

"மழைத்தண்ணி வெளியே போறதுக்குத்தாம்மா காடி. காடி இல்லேன்னா ஈர ரோட்டுல வண்டி நிக்காது. நேர் ரோட்டுலயே ஓடி நடுவுல தட்டையான டயர், வளைவுல சாய்க்கிறப்ப தடுமாறும்" என்றார் அவர்.

தேய்ந்த டயரில் புதிதாகக் காடி வெட்டித் தருகிறவர்களும் உண்டு. அந்த யோசனையை இவர் சொன்னபோது நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். அம்மிக்கல் தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். டயரைக் கொத்தினால் மிச்சமிருக்கும் ரப்பரும் அல்லவா போகும்!

கிரைண்டருக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணம் பீரோவில் இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இவர் கொஞ்சநேரம் பேசவில்லை. "சரி, சாயந்திரம் போகலாம்" என்றார்.

மகனுக்கோ அகலமான டயர்மேல் ஆசை. "கம்பீரமா இருக்கும்மா" என்றான். கம்பெனி கொடுத்த அளவைவிட அகலமாகப் போட்டால் செயின் கவரில் உரசலாம், வளைவில் திருப்பக் கனமாக இருக்கும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். எங்கள் வண்டிக்கு முன்னால் 90/90-19, பின்னால் 110/90-18. அந்த அளவையே கேட்டோம்.

அளவுக்குப் பக்கத்தில் 61பி என்று இருந்தது. 61 என்பது சுமைக்குறி: அந்த டயர் 257 கிலோ தாங்கும். 'பி' என்பது வேகக்குறி: 150 கிலோமீட்டர் வரை. இரண்டு ஆளும் மூட்டையும் ஏறுகிற வண்டிக்கு இந்தக் குறி குறைந்த டயரை விலை மலிவென்று வாங்கக்கூடாது.

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த டயரில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருந்தது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். அவர் கொடுத்ததோ நாலு வருஷப் பழசு!

"புதுசுதாம்மா, கட்டே பிரிக்கலை."

"பிரிக்காத ரவைப் பாக்கெட்டிலும் தேதி பார்த்துத்தானே வாங்கறோம்?" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். ரப்பர் சும்மா கிடந்தாலும் நாளாக நாளாக இறுகும்.

எங்களுடையது கம்பிச் சக்கரம், டியூப் வேண்டும். பழைய டியூப் விரிந்துபோயிருக்கும். புது டயருக்குள் மடிந்து உரசினால் பஞ்சர்தான். அதனால் டியூபும் புதிதாகவே வாங்கினோம். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் உருளும் திசையைப் பார்க்கிறதா என்பதையும் நின்று கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை மாட்டி சனிக்கிழமை கிளம்பலாம் என்றான் மகன். அது கூடாது. புது டயரின் மேல்புறம் வழவழப்பாக இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, அந்த வழவழப்புப் போனபிறகுதான் சாய்க்கலாம். பத்து நாள் முன்னதாகவே மாட்டினோம். இவர் பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் போய்வந்து பழக்கிக் கொடுத்தார்.

பிறகு கவனிக்க வேண்டியது காற்று ஒன்றுதான். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையிலேயே பார்க்கவேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பது வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வண்டி ஸ்கூட்டியாக இருந்தாலும் சரி, இன்று வாசல் பெருக்கும்போது டயரை ஒருதரம் தடவிப் பாருங்கள். கிரைண்டர் வாங்க அடுத்த சீட்டு வரும். அதுவரை பக்கத்து வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டால் போயிற்று!