ஒரு பழைய புல்லட்டின் பூர்வீகம்

வடசென்னையில் இராயபுரத்துக் கல்மண்டபத்தை அறியாதார் இலர். மேற்கே பழைய வண்ணாரப்பேட்டையின் கடைத்தெருக்கள். கிழக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். தெற்கே, 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம். புனித இராயப்பர் ஆலயமும் இப்பகுதியில்தான் உள்ளது. இராயப்பர் பெயராலேயே இராயபுரம் என்னும் பெயர் எழுந்தது என்று மூத்தோர் கூறுவர். துறைமுகத்தையும் ஆலைகளையும் மீன்பிடித் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், இருசக்கர வண்டி என்பது ஆடம்பரப் பொருளன்று. மீன் கூடை அதில் போகிறது; பள்ளிப் பிள்ளைகள் அதில் போகின்றனர்; நோயுற்ற தாயும் அதில்தான் மருத்துவமனை செல்கிறாள்.

இவ்வண்டிகளுள் புதிதாய் வாங்கப்பட்டவை சில. கை மாறி வந்தவை பல. ஒரு காணி நிலம் வாங்குவதாயின் நாம் மூலப்பத்திரம் கேட்கிறோம். வில்லங்கச் சான்று பெறுகிறோம். அண்டை வீட்டாரை விசாரிக்கிறோம். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போதோ, இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு, டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்து, முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அவ்வண்டி இதுவரை யார் யாரிடம் இருந்தது, எவ்வாறு கை மாறியது என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்டுத் தடம் பிடித்துச் செல்வது எப்படி என்பதையும், அத்தடம் நடுவில் அறுந்துபோனால் யாருக்கு என்ன நேரும் என்பதையும் நாம் சற்று ஆராய்வோம். எடுத்துக்காட்டாக, இந்த மண்ணிலேயே பிறந்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்.

கல்மண்டபத்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டால் தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி என்று வழி நீண்டு திருவொற்றியூரை அடைகிறது. 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ இரயிலும் இத்தடத்தில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. தீப்பெட்டி ஆலையொன்றின் பெயரே அந்நகருக்கு நிலைத்துவிட்டது. 1946இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கியது இத்திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில்தான். பின்னாளில் அது டயர் செய்யும் பேராலையாயிற்று. இன்னும் வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டு லாரிகளும் பேருந்துகளும் உருவாயின. இவற்றுக்கு நடுவே திருவொற்றியூரில் எழுந்ததுதான் என்ஃபீல்டு இந்தியா ஆலை.

அதன் வரலாறு சுவையானது. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் செய்த புல்லட் மோட்டார் சைக்கிளை, 1950களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்கென இந்தியப் படை தருவித்தது. அதன் பயனாக 1955இல் அந்த ஆங்கில நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்திறங்க, இங்கே அவை பூட்டப்பட்டன. 1960களின் தொடக்கத்திற்குள் எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே செய்யப்படலாயின. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அப்பெயர் தாங்கிய வண்டிகளின் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆனால் திருவொற்றியூரில் அது நிற்கவில்லை. 1977 முதல் இவ்வூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! தாய்வீடு அழிந்தபின், மகள் தன் வீட்டு விளக்கை அங்கு ஏந்திச் சென்றது போன்ற நிகழ்ச்சி அது. 1994இல் ஐஷர் குழுமத்துடன் இணைந்தபின் நிறுவனம் ராயல் என்ஃபீல்டு என்னும் பழைய பெயரையே பெற்றது. 2013இல் ஒரகடத்திலும் பின்னர் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் தோன்றின.

ஆகவே பழைய புல்லட் ஒன்று நம் முன் நிற்குமாயின், அதன் பிறந்த ஊர் பெரும்பாலும் இதுவே. பிறந்த காலத்தை அதன் உடலே ஓரளவு சொல்லிவிடும். கியர் மாற்றும் கம்பி வலக்காலின் பக்கமும் பிரேக் இடக்காலின் பக்கமும் இருந்தால் அது பழைய முறை. முகப்பு விளக்கின் மேற்கூட்டில் மின்னோட்டம் காட்டும் சிறிய அம்மீட்டர் இருக்கும். அமுக்கம் விடும் நெம்பைப் பிடித்து, அதன் முள் நடுவே வந்து நிற்கும்வரை மெல்ல உதைத்து, நெம்பை விட்டபின் முழு வலிமையுடன் உதைத்தால்தான் இயந்திரம் உயிர்பெறும். இதைப் பழகாதவர் கணுக்காலில் அடி வாங்காமல் தப்பியது அரிது. டேங்கின் மீதுள்ள பொன்னிறக் கோடுகள் இவ்வாலையில் தூரிகை கொண்டு கையால் இழுக்கப்பட்டவை.

உடலைக் கண்டபின் எண்ணைக் காண வேண்டும். சட்டத்தின் கழுத்துப் பகுதியில் சேஸிஸ் எண்ணும், இயந்திரத்தின் அடிக்கூட்டில் எஞ்சின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் பதியும். பதிவு அலுவலகங்கள் கேட்கும் பென்சில் பதிவு இதுவே. அந்த எண் அரத்தால் தேய்க்கப்பட்டோ, எழுத்துகள் ஏறியிறங்கியோ காணப்பட்டால் அங்கேயே திரும்பிவிடுவது நலம். சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த வண்டிகளின் உறுப்புகள் தனித்தனியே விற்கப்படுவதை அறிவோம். ஒரு வண்டியின் எஞ்சின் மற்றொரு வண்டியில் ஏறுவது அரிய செயலன்று. அதைச் சட்டப்படி பதிவு ஏட்டில் குறிக்காமல் விடுவதே பிழை.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். நம் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே, பின்னாளில் அவர் பெற்ற உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கப்படுவதைக் குடும்பங்கள் அறியும். அவர் எந்த ஊரில் வாழ்ந்தாலும் மூல ஏடு அவரைப் பின்தொடர்கிறது. பழைய காகித ஆர்.சி. புத்தகமும் ஏறக்குறைய அத்தகையதே. முதல் உரிமையாளர் பெயருக்குப் பின் ஒவ்வொரு கைமாற்றமும் தேதியுடனும் முத்திரையுடனும் அதில் ஏறும். வங்கிக் கடன் இருந்தால் அதுவும் ஏறும். கடன் தீர்ந்தால் அக்குறிப்பு நீக்கப்படும்.

அவ்வேட்டைப் புரட்டுவோர்க்குச் சில குறிப்புகள் உதவும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நம் மாநிலத்து வண்டிகள் 'டி.என்.' என்ற எழுத்துகளும், பதிவு செய்த அலுவலகத்தைக் காட்டும் இரு இலக்கங்களும் தாங்கி வருகின்றன. மூன்று ஆங்கில எழுத்துகளும் எண்ணும் மட்டும் கொண்ட பலகையாயின், வண்டி அதற்கு முற்பட்டது. செய்த ஆண்டுக்கும் பதிவான ஆண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருக்கிறதா? படையில் பணியாற்றி, பின் ஏலத்தில் வெளிவந்த வண்டியாக அது இருத்தல் கூடும். படை வண்டிகள் மேல்நோக்கிய அம்புக்குறியுடன் தனி எண் பெற்றவை. பொதுமக்கள் கைக்கு வந்தபின்னரே மாநிலப் பதிவு பெறும். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அப்புதுப்பிப்பு முத்திரைகளும் வண்டி வாழ்ந்த ஊர்களைக் காட்டும்.

இங்கிலாந்திலும் பழைய நாளில் இதுபோன்ற ஏடு உண்டு. அடுத்தடுத்த உரிமையாளர் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டன. இன்று நம் நாட்டில் ஏட்டுக்குப் பதில் அட்டை வழங்கப்படுகிறது. அட்டையில் முந்தியவர் பெயர்கள் இல்லை. இப்போதுள்ளவர் எத்தனையாவது உரிமையாளர் என்ற வரிசை எண்ணைக் காணலாம். அரசின் 'பரிவாகன்' இணையதளத்திலும் வண்டி எண்ணைக் கொடுத்து, காப்புறுதி, கடன், பதிவின் காலம் முதலியவற்றைச் சரிபார்க்கலாம்.

இப்போது ஒரு புத்தகத்தைக் கற்பனையாகப் புரட்டுவோம். முதற்பெயர், துறைமுகத்தில் பணியாற்றிய ஒருவருடையது. சில ஆண்டுகளில் அவர் பணி ஓய்வு பெற, வண்டி தண்டையார்பேட்டையில் ஒரு பால் வியாபாரியின் பெயருக்கு மாறுகிறது. அடுத்த முத்திரை செங்கல்பட்டில். அதன்பின் ஏடு வெறுமையாக இருக்கிறது. ஆனால் வண்டியோ கல்மண்டபத்தில் ஓர் இளைஞனிடம் நிற்கிறது. அவன் ஒரு மெக்கானிக்கிடம் வாங்கினான். மெக்கானிக் ஒரு தரகரிடம் வாங்கினார். தரகர் யாரிடம் வாங்கினார் என்பது எவருக்கும் தெரியாது. ஏட்டில் மூன்று பேர்; உண்மையில் ஆறேழு பேர். செங்கல்பட்டுக்காரர், தேதியும் வாங்குபவர் பெயரும் இடாத வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, அன்றோடு அவ்வண்டியை மறந்துபோனார்.

அவர் மறக்கலாம், சட்டம் அவரை மறப்பதில்லை. இதற்குச் சான்றாக ஒரு வழக்கு உண்டு. ஒருவர் தம் காரை 2007இல் விற்றதாகக் கூறினார். வாங்கியவர் பிறிதொருவருக்கும், அவர் இன்னொருவருக்கும் விற்றதாகக் கூறினர். பதிவோ முதல்வர் பெயரிலேயே நின்றது. 2009இல் அக்கார் மோதி ஓர் உயிர் போயிற்று. ஒரு பெண்மணி காயமுற்றார். இழப்பீடு தர வேண்டியவர் யார்? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 பிப்ரவரி 6ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அளித்த தீர்ப்பின்படி, எவர் பெயரில் பதிவு நிற்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. விபத்தில் அடிபட்டோர், கை மாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்பை விற்றவருக்கு நேர்ந்த கொடுமை என்று சிலர் கருதலாம். அடிபட்டவர் பக்கம் நின்று பார்ப்போமாயின் அதன் நீதி விளங்கும். மகனை இழந்த ஒரு தாய், யார் விற்றார், யார் வாங்கினார் என்று ஊர் ஊராய்த் தேடித் திரிவதோ? பதிவேடு என்பது அத்தகையோருக்காகவே வைக்கப்பட்டுள்ளது. அதில் ஓர் இடைவெளியை விடுகிறவர், முகமறியாத ஒருவருக்குத் தீங்கிழைக்க வழி செய்கிறார். தமக்கும் குழி தோண்டிக்கொள்கிறார்.

விற்பவர் செய்ய வேண்டியது பெரிதன்று. இம்மாநிலத்திற்குள் விற்றால், 14 நாளுக்குள் 29ஆம் எண் படிவத்தில் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அதற்கு 30ஆம் எண் படிவம். கடன் தீர்ந்திருந்தால் 35ஆம் எண் படிவத்தில் வங்கியின் ஒப்புதலைப் பெற்று அக்குறிப்பை நீக்க வேண்டும். வேறு மாநிலத்திற்குச் செல்லும் வண்டிக்குத் தடையில்லாச் சான்றும் தேவை. காப்புறுதியையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் மனுச் செய்ய வேண்டும்.

இல்லங்களில் பெரிதும் மறக்கப்படும் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். அவர் ஓட்டிய வண்டியை மகன் ஓட்டத் தொடங்குகிறான். பதிவு மட்டும் இறந்தவர் பெயரில் பல்லாண்டு நிற்கிறது. துக்கத்தில் இருப்போர்க்கு இது நினைவில் வருவது அரிது. ஆயினும் விதி இதுவே: இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தால், வாரிசு அவ்வண்டியை மூன்று மாதம் ஓட்டலாம், அதற்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்தல் வேண்டும். உரிமையாளர் உயிருடன் இருக்கும்போதே தமக்குப்பின் யாருக்கு என்று பதிவில் குறித்துவைக்க 2021இல் விதி திருத்தப்பட்டது. மனைவி பெயரை அதில் எழுதிவைப்பது, பின்னொரு நாள் அவளை அலுவலகப் படிகளில் பலமுறை ஏறியிறங்காமல் காக்கும்.

வாங்குபவர்க்கும் ஒரு சொல். விலை மலிவு என்பதற்காக ஏட்டில் இல்லாத கையிலிருந்து வாங்காதீர்கள். ஏட்டில் பெயருள்ளவரை நேரில் காணுங்கள். அவர் வீட்டுக்கே செல்லுங்கள். அவர் வண்டியை ஏன் விற்கிறார், எங்கே பழுதுபார்த்தார், எப்போது விழுந்தது என்பவற்றை அவரிடமே கேட்கலாம். நாம் கண்ட அளவில், பழைய புல்லட்டை விற்பவர் இக்கேள்விகளுக்குச் சலிப்பதில்லை. வளர்த்த பிள்ளையைப் பற்றிக் கேட்டது போல் மகிழ்ந்து சொல்வார்.

திருவொற்றியூரில் பிறந்த எத்தனையோ புல்லட்டுகள் முதல் உரிமையாளர் மறைந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நன்கு பேணினால் இன்னொரு தலைமுறைக்கும் அவை உழைக்கும். அவற்றை விற்பதும் வாங்குவதும் நேரிய செயலே. நாம் விற்ற வண்டி ஏதேனும் இன்னும் நம் பெயரில் நிற்கிறதா என்று இவ்வாரமே பார்ப்போம். நின்றால், வாங்கியவரைத் தேடிப்பிடித்து அவருடன் பதிவு அலுவலகம் செல்வோம். ஒரு நாள் அலைச்சலும் இரண்டு கையெழுத்தும் அதற்குப் போதும்.