எட்டு அவுன்சு எத்தனை டம்ளர்?

பதினோராம் வகுப்பு, மனையியல் பிரிவு மாணவியர்

எங்கள் கன்னியர் மடத்துச் சமையலறையில் நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. 1950களில் அயர்லாந்திலிருந்து வந்து இங்கே பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் தம் கைப்பட எழுதியது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முதியோர் இல்லத்திற்கு நாம் கொண்டு செல்லும் கேக், அந்த ஏட்டின்படியே செய்யப்படுகிறது: மைதா 8 அவுன்சு, வெண்ணெய் 8 அவுன்சு, சர்க்கரை 8 அவுன்சு, முட்டை 4.

மடத்தில் தராசு இருப்பதால் இதுவரை கவலையில்லை. இவ்வாண்டு இல்லத்தில் முதியோர் தொகை கூடிவிடவே, ஒரு பகுதியை வீட்டில் செய்து கொண்டுவரும்படி சிஸ்டர் எங்கள் பதினான்கு பேரிடமும் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் தராசுக்கு எங்கே போவது? டம்ளர்தான் இருக்கிறது. வெண்ணெயும் முட்டையும் தோழியர் சேர்த்துத் தந்த காசில் வாங்கியவை. ஒரு கேக் கெட்டால் மறுபடி செய்ய வழியில்லை.

ஓர் அவுன்சு ஏறக்குறைய 28 கிராம்; எட்டு அவுன்சு 227 கிராம். இதுவரை கணக்கு நேரானது. அதற்கு மேல்தான் மைதா தன் குணத்தைக் காட்டியது. 240 மில்லி லிட்டர் கொள்ளும் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டோம். தண்ணீர் 240 கிராம் நின்றது. மைதாவோ அதில் ஏறத்தாழ பாதிதான்; அதுவும் ஒரு நிலையில் நிற்கவில்லை. டப்பாவுக்குள் டம்ளரை விட்டு அள்ளித் தலைதட்டினால் 145 கிராம். கரண்டியால் மெல்ல இட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 125. சலித்த மாவைத் தூவினாற்போல் நிரப்பினால் 112. டம்ளரும் ஒன்றே, மாவும் ஒன்றே. துகள்களுக்கு இடையே நிற்கும் காற்றுதான் கூடிக் குறைகிறது. சர்க்கரையை எப்படி அள்ளினாலும் 200 கிராமை ஒட்டியே நின்றது.

லூக்கா நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், அமுக்கிக் குலுக்கி அளக்கும் தாராளமான அளவைப் பற்றி ஆண்டவர் சொல்கிறார் அல்லவா? "அது தானியத்துக்குச் சரி சிஸ்டர், மைதாவுக்கு ஆகாது" என்று எங்களில் ஒருத்தி சொல்லவும் சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். உண்மையும் அதுதான். மாவு மிஞ்சினால் ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும்; கேக் இறுகி, மேற்புறம் வெடிக்கும். பல் இல்லாத பாட்டிமாருக்கு அதை எப்படிக் கொடுப்பது? மாவு குறைந்தாலோ நடுவில் அமிழ்ந்து போகும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. 1896-இல் பாஸ்டன் நகரில் ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார் வெளியிட்ட சமையல் நூல், தலைதட்டிய அளவையே வற்புறுத்தியது. அமெரிக்கக் கோப்பை 237 மில்லி லிட்டர், ஆஸ்திரேலியக் கோப்பை 250 என்பது வேறு குழப்பம். நம் பாட்டிமார் 8 ஆழாக்கு ஒரு படி என்று அரிசி அளந்தபோது இவ்வளவு பாடு இல்லை. அரிசி மாவைப்போல் அமுங்குவதில்லை.

கரண்டியால் இட்டு வழிக்கும் முறையையே முடிவு செய்தோம். 227 கிராம் மைதாவுக்கு ஒன்றே முக்கால் டம்ளரும், மேலே தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டியும். சர்க்கரைக்கு ஒரு டம்ளரும் இரண்டு மேசைக்கரண்டியும். வெண்ணெய் உறையில் எடை அச்சிட்டிருப்பதால் அதற்குக் கணக்கே வேண்டியதில்லை.

ஆனால் இது அந்த ஒரு டம்ளருக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. ஆகவே ஒவ்வொருத்தியும் தன் வீட்டு டம்ளரை மடத்திற்குக் கொண்டுவந்தோம். பாட்டி பெயர் பொறித்தது, திருமணச் சீராக வந்தது, விளிம்பு நசுங்கியது எனப் பதினான்கு. ஒன்றோடொன்று ஒத்துப்போனவை இரண்டுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் மைதாவை நிறுத்து, எடையைத் தாளில் எழுதி ஒட்டினோம். எடையின் கீழே "கரண்டியால் இட்டு வழிக்கவும்" என்றும் எழுதினோம். அந்த வரி இல்லாவிட்டால் மேலே உள்ள எண்ணுக்குப் பொருளில்லை. வீட்டில் அம்மா அவசரத்தில் அள்ளிவிடக்கூடும்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை பதினான்கு கேக்கும் வந்து சேர்ந்தன. நடுவில் அமிழ்ந்தது ஒன்றுமில்லை. குக்கரில் மணல் பரப்பிச் சுட்ட ஒன்றின் அடி மட்டும் கருகியிருந்தது. அது அடுப்பின் குற்றம், அளவின் குற்றமன்று.